கேரள எல்லையில் பஞ்சாயத்து வார்டுக்கு முதல்முறை நிற்கும் பெண்ணுக்கு

கேரளத்தில் கடைசி உள்ளாட்சித் தேர்தல் 2025 டிசம்பரில் நடந்தது. இடுக்கியில் 9-ஆம் தேதி, பாலக்காட்டில் 11-ஆம் தேதி, எண்ணிக்கை 13-ஆம் தேதி. அடுத்தது 2030-இல்தான். இடையில் யாராவது ராஜினாமா செய்தாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் வரும். அப்படியிருக்க, இப்போதே ஏன் இந்தப் பேச்சு?

மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட்டுகளிலும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊர்களிலும் நம் தமிழ்ப் பெண்களுக்கு சீட்டு வருவது பல நேரம் நோமினேஷனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான். "வார்டு லேடீஸுக்குப் போயிருச்சு, உங்க வீட்ல யாராச்சும் நில்லுங்க" என்று கட்சிக்காரர் வீட்டு ஆம்பளையிடம் கேட்பார். பெண் கையெழுத்துப் போடுவார். ஜெயித்தாலும் ஐந்து வருஷம் அவர் பெயரில் வேறொருவர் மெம்பராக இருப்பார். கட்சி தேடி வருவதற்கு முன்பே நீங்கள் தயாராக இருந்தால்தான் இது நடக்காமல் தடுக்க முடியும். அதற்கு வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

உங்கள் வார்டு யாருக்கு வரும்

முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் கொடுத்தது. கேரளம் அதைப் பாதியாக்கி 2010 தேர்தலில் முதன்முதலாக நடத்தியது. தமிழ்நாட்டில் பாதி என்ற சட்டம் 2016-இல் வந்தது. ஆகவே கம்பத்திலோ பொள்ளாச்சியிலோ உள்ள உங்கள் சொந்தக்காரர்களுக்கும் இந்த ஏற்பாடு பழக்கமானதுதான்.

பெண்களுக்குப் போகும் வார்டுகள் சுழற்சியில் மாறும். போன முறை பெண்களுக்கு இருந்தது பெரும்பாலும் அடுத்த முறை பொதுவாகிவிடும். பொதுவாக இருந்தது பெண்களுக்கு வரும். 2025-இல் உங்கள் வார்டில் ஆண்களும் நின்றிருந்தால் 2030-இல் அது பெண்கள் வார்டாக வர வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். வார்டு எல்லையை மறுபடியும் பிரித்தால் இந்தக் கணக்கு மாறும். 2025 தேர்தலுக்கு முன்னால் அப்படித்தான் பிரித்தார்கள். ஒரு கிராமப் பஞ்சாயத்தில் குறைந்தது 14, அதிகபட்சம் 24 வார்டு என்று ஆனது அப்போதுதான்.

2025-இல் பெண்கள் வார்டில் ஒரு பெண் ஜெயித்திருந்தால் அவருக்கு 2030-இல் அதே வார்டு பெரும்பாலும் பொதுவாகிவிடும். கட்சி உடனே "இனி ஆம்பளைக்கு" என்று சொல்லும். பொது வார்டில் பெண் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பொது என்றால் இருவருக்கும் பொது. இதைக் கட்சிக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்கு வங்கக் கிராமங்களைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தலைவர் பதவி தொடர்ந்து இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் நிற்பதும் ஜெயிப்பதும் கூடியதைக் காட்டியது. நம்மிடமோ வார்டு ஒரே முறையில் கைமாறுகிறது. ஊர் ஒரு பெண் மெம்பருக்குப் பழகி முடிக்கும் முன்பே அடுத்த தேர்தல் வந்துவிடும். அதனால்தான் இரண்டாவது முறையையும் நினைவில் வைத்தே முதல் முறைக்கு இறங்கச் சொல்கிறோம். பஞ்சாயத்துகளில் பாதிப்பேர் பெண்களாக இருக்கும் இதே கேரளத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 140 இடங்களில் ஜெயித்த பெண்கள் 11 பேர். ஒதுக்கீடு முடியும் இடத்தில் எண்ணிக்கை எப்படி விழுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் நம் ஏற்பாட்டின் நல்லதும் தெரியும். வங்காளதேசத்தில் 1997 முதல் யூனியன் பரிஷத்தில் பெண்களுக்கு மூன்று இடம். ஒவ்வொன்றும் மூன்று வார்டுகளைச் சேர்த்தது. அந்த மூன்று வார்டிலும் தனித்தனி மெம்பர் ஏற்கனவே இருப்பார். மூன்று மடங்கு ஊர் சுற்றி ஓட்டுக் கேட்ட பெண்ணுக்கு, ஜெயித்த பிறகு தனக்கென்று ஒரு தெருவும் கிடையாது. நேபாளத்தில் 2017 தேர்தலில் தலைவர், துணைத் தலைவர் இரண்டுக்கும் ஒரே கட்சி ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி. கட்சிகள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் துணைப் பதவியைப் பெண்களுக்குத் தள்ளிவிட்டன. இங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒரு முழு வார்டு. எல்லையும் ஓட்டரும் திட்டப் பணமும் உங்கள் பொறுப்பு.

பட்டியலில் பெயர்

எல்லைப் பகுதியில் பெண்கள் அதிகம் இடறி விழுவது இந்த இடத்தில்தான். சட்டமன்றத்துக்கும் பார்லிமெண்டுக்கும் உள்ள வாக்காளர் பட்டியல் வேறு. பஞ்சாயத்துக்கு மாநிலத் தேர்தல் கமிஷன் தனியாகப் போடும் பட்டியல் வேறு. கையில் வோட்டர் ஐடி கார்டு இருக்கிறது, போன எம்.எல்.ஏ. தேர்தலில் ஓட்டும் போட்டேன் என்றால் பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மாநிலக் கமிஷனின் இணையதளத்திலோ பஞ்சாயத்து ஆபீஸிலோ பார்த்தால்தான் தெரியும். கிராமப் பஞ்சாயத்தில் பட்டியலுக்குப் பொறுப்பு பஞ்சாயத்துச் செக்ரட்டரி.

படிவ எண்களும் குழப்பும். பஞ்சாயத்துப் பட்டியலில் புதிதாகச் சேர்க்கப் படிவம் 4, பெயரோ வயதோ திருத்தப் படிவம் 6, ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் படிவம் 7. சட்டமன்றப் பட்டியலில் இதே 6 புதிதாகச் சேர்க்க, இதே 7 நீக்க. இணையதளம் மாறிப்போய் ஒரு வருஷம் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும்போது பக்கத்தின் மேலே எந்தக் கமிஷனின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

கல்யாணமாகி போடியிலிருந்தோ ஆனைமலையிலிருந்தோ வந்த பெண்களுக்குப் பெயர் தாய் வீட்டிலேயே கிடக்கும். ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போகலாம் என்று தேனி, தென்காசிப் பக்கம் வீடு கட்டிய குடும்பங்களில் இரண்டு பக்கமும் பெயர் இருக்கும். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தப்பு. உறுதிமொழியில் பொய் சொன்னால் ஒரு வருஷம் வரை தண்டனை. எதிர்த்து நிற்பவர் முதலில் தோண்டுவதும் இதைத்தான். தமிழ்நாட்டுப் பெயரை நீக்க மனுப் போட்டு, நீக்கப்பட்டதற்கான பிரிண்டை எடுத்து வையுங்கள். எஸ்டேட் லயத்தில் (கம்பெனி தந்த வரிசை வீட்டில்) இருப்பவர்களுக்கு வீட்டுப் பத்திரம் இருக்காது. ரேஷன் கார்டும் கம்பெனிக் கடிதமும் சேர்த்துக் கொடுங்கள்.

பெயரின் எழுத்தைப் பட்டியலிலேயே சரிசெய்து விடுங்கள். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, மலையாளப் பட்டியலில் இன்னொன்று என்று இருந்தால் நோமினேஷன் சரிபார்ப்பில் மூச்சு முட்டும்.

நிற்க முடியுமா

நோமினேஷன் கொடுக்கும் அன்று 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்தில் ஏதாவது ஒரு வார்டில் உங்கள் பெயர் இருந்தால் போதும். நிற்கும் வார்டிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் உங்களை முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். பல நோமினேஷன்கள் இந்த ஒரு வரியில்தான் தள்ளுபடி ஆகின்றன, ஏனென்றால் வார்டு பிரித்ததில் முன்மொழிந்தவரின் வீடு பக்கத்து வார்டுக்குப் போயிருக்கும்.

பாக்கி விஷயம். பஞ்சாயத்துக்கோ அரசுக்கோ வரி, வாடகை, லைசன்ஸ் பணம் ஏதாவது பில் வந்து கெடு தாண்டி நின்றால் தகுதி போகும். வீட்டு வரி, கடை வாடகை இரண்டையும் கட்டி ரசீது வாங்குங்கள். கணவர் பெயரில் உள்ளதையும் கட்டிவிடுவது நல்லது. சட்டம் கேட்காவிட்டாலும் பிரச்சாரத்தில் கேட்பார்கள். பேங்க் கடனும் கூட்டுறவு சொசைட்டிக் கடனும் இந்தக் கணக்கில் வராது. அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் காது கொடுக்க வேண்டாம்.

அரசு வேலையிலோ பஞ்சாயத்து வேலையிலோ இருப்பவர் நிற்க முடியாது. அங்கன்வாடி ஊழியர்களும் ஆஷா பணியாளர்களும் நிற்கலாம் என்று மாநிலக் கமிஷன் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயில், பஞ்சாயத்து அளவிலான சி.டி.எஸ். குழுவின் சேர்பெர்சன் நிற்கலாம், சி.டி.எஸ். அக்கவுண்டன்ட் நிற்க முடியாது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவருக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் எந்தத் தடையும் இல்லை.

பட்டியல் சாதிப் பெண் வார்டானால் தாசில்தார் தரும் சாதிச் சான்று வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது சுலபமான காரியமில்லை. 1950 ஆகஸ்ட் 10-இல் பட்டியல் சாதி ஆணை வந்தபோது குடும்பம் எங்கே இருந்தது என்பதைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு குடியேறியவர்களுக்குக் கேரளத்தில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. தேவிகுளம் சட்டமன்றத் தேர்தலே இந்தக் கேள்வியில் 2023 மார்ச்சில் ஹைகோர்ட்டில் ரத்தாகி, 2025 மேயில் சுப்ரீம் கோர்ட்டில் திரும்பக் கிடைத்தது. எம்.எல்.ஏ. சீட்டுக்கு நடந்தது வார்டுக்கும் நடக்கும். தாத்தா பாட்டி எஸ்டேட்டில் பெயர் பதிந்த பழைய ரிஜிஸ்டர் நகல், சர்வீஸ் புத்தகம், பள்ளி, கோயில், சர்ச் ஏடு எது கிடைத்தாலும் இப்போதே சேகரியுங்கள். தேர்தல் அறிவித்த வாரத்தில் தாலுக்கா ஆபீஸில் நின்றால் கிடைக்காது.

கட்சியா, சுயேச்சையா

கேரளத்தில் வார்டு வரைக்கும் கட்சிச் சின்னத்தில்தான் தேர்தல். எல்.டி.எஃப். (இடதுசாரி), யு.டி.எஃப். (காங்கிரஸ்), என்.டி.ஏ. (பா.ஜ.க.) என்ற ஒவ்வொரு முன்னணியும் வார்டுகளை முதலில் தன் கட்சிகளுக்குள் பங்கிடும். உங்கள் கட்சிக்கு அந்த வார்டு இல்லை என்றால் நீங்கள் எவ்வளவு உழைத்திருந்தாலும் சீட்டு வராது. ஆகையால் முதலில் கேட்க வேண்டியது, "வார்டு யாருடைய பங்கு?" என்பது. அதைப் பஞ்சாயத்துக் கமிட்டியிடம் கேளுங்கள்; வார்டுக் கமிட்டிக்கு அந்த அதிகாரம் இல்லை. எஸ்டேட்டில் யூனியன் வழியாகவும் பேச்சு நடக்கும். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. மூன்றிலும் கொழுந்தெடுக்கும் பெண்கள்தான் பெரும்பான்மை, கமிட்டியில் உட்காருவது பெரும்பாலும் ஆண்கள்.

தனியாக நின்றும் ஜெயிக்கலாம் என்பதற்கு மூணாறே சாட்சி. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸுக்காகவும் 232 ரூபாய்க் கூலியை உயர்த்தவும் யூனியன்களை ஒதுக்கிவிட்டுப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸ் கிடைத்தது, கூலி 301 ஆனது. அதே நவம்பரில் அந்தப் பெண்களின் அமைப்பான பெம்பிளை ஒருமை உள்ளாட்சித் தேர்தலில் நின்று தேவிகுளம் பிளாக்கிலும் கிராம வார்டுகளிலும் இடம் பிடித்தது. பல்லாயிரம் பெண்கள் திரண்ட போராட்டம், கிடைத்த இடங்களோ கைவிரலில் எண்ணக்கூடியவை. ரோட்டில் உட்கார்ந்தவர்கள் பல வார்டுகளில் சிதறி இருப்பார்கள். ஓட்டு எண்ணுவது வார்டு வார்டாக. போராட்டக் கூட்டத்தைப் பார்த்து ஓட்டைக் கணக்கிடாதீர்கள்.

வார்டு நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வீடு வீடாக எழுதுங்கள்: வீட்டில் எத்தனை ஓட்டு, யார் வெளியூரில் வேலை, எந்த வீட்டில் படுக்கையில் கிடப்பவர், எந்த வீட்டுக்குக் குடிதண்ணீர் வரவில்லை, யாருக்குப் பென்ஷன் நின்றுபோனது. வார்டில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு இருக்கும். 1,200 ஓட்டு, 350 வீடு என்று வையுங்கள். ஒரு வீட்டில் நான்கு நிமிஷம் பேசினால் 1,400 நிமிஷம், அதாவது 23 மணி நேரத்துக்கு மேல். எஸ்டேட்டில் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பது வரைதான் வீட்டில் ஆள் கிடைக்கும். ஒரு சுற்று முடிக்கவே ஒன்பது பத்து நாள்.

இனி தேர்தல் தேதிகளைப் பாருங்கள். 2025-இல் நோமினேஷன் நவம்பர் 14-இல் தொடங்கி 21-இல் முடிந்தது, 22 சரிபார்ப்பு, 24 வாபஸ். இடுக்கிக்கு ஓட்டு டிசம்பர் 9. சின்னம் கையில் வந்ததிலிருந்து 15 நாள். ஒரே ஒரு சுற்றுக்கே நேரம் போதும் போதாது. முதல் சுற்றை இரண்டு மூன்று வருஷம் முன்பே முடித்தவர் அந்த 15 நாளில் இரண்டாம் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் போடுவார். முன்னாலேயே தொடங்கச் சொல்வதன் கணக்கு இதுதான்.

ஊரில் தெரியவர குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தைவிட நல்ல வழி இல்லை. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்தது அயல்கூட்டம், வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். கடன் கணக்கு எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மலையாளம் வாசிக்கவும் எழுதவும் அங்கேயே பழகும். பஞ்சாயத்தின் அஜெண்டா, மினிட்ஸ் எல்லாம் மலையாளத்தில்தான் வரும். தமிழில் பேசலாம், தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசுக்குத் தமிழில் மனுவும் கொடுக்கலாம். ஆனால் வாசிக்கத் தெரியாத தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் தினம் அரை மணி நேரம் கேட்டு வாசித்தால் ஒரு வருஷத்தில் சரளமாகிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிராமசபையைத் தவறவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டில் கூட வேண்டும், வாக்காளரில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கோரம். 1,200 பேர் வார்டில் 120 பேர். பல வார்டுகளில் கையெழுத்து மட்டும் வீடு வீடாக வாங்கிக் கணக்கை ஒப்பேற்றுகிறார்கள். நீங்கள் நேரில் போய், ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக் கொடுத்து, அது மினிட்ஸில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். இரண்டு மூன்று கூட்டத்தில் ஊர் உங்களைக் கவனிக்க ஆரம்பிக்கும்.

வாக்குறுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "லயத்தை ரிப்பேர் பண்ணித் தர்றேன்" என்று சொல்லிவிடாதீர்கள். லயமும் அது நிற்கும் நிலமும் கம்பெனியுடையது. 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொட்டே வீடு, குடிநீர், கக்கூஸ் எல்லாம் முதலாளியின் கடமை. பஞ்சாயத்து அங்கே செலவு செய்யப் போனால் ஆடிட்டில் நிற்கும். கம்பெனியைச் செய்ய வைக்க மெம்பராகக் கடிதம் எழுதுவேன், லேபர் ஆபீஸரைக் கூட்டி வருவேன் என்று சொல்லுங்கள்; அதைச் செய்ய முடியும். சித்தூர்ப் பக்கம் மழை மறைவுப் பூமி. அங்கே குடிதண்ணீர்தான் முதல் பேச்சு. குழாய் எந்தத் திட்டத்தில் வந்தது, மோட்டார் யார் பொறுப்பு, எத்தனை நாளைக்கு ஒருமுறை திறக்கிறார்கள் என்று எழுதி வைத்துப் பேசுகிறவரை மக்கள் நம்புகிறார்கள்.

நோமினேஷன்

காலை 11 முதல் மதியம் 3 வரை. கடைசி நாள் போகாதீர்கள். தப்பு இருந்தால் திருத்த நேரம் இருக்காது. படிவம் 2 நோமினேஷன், 2ஏ உங்கள் சொத்து, கடன், வழக்கு விவரம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். நூறு நாள் வேலைக்காக மறியல் செய்தபோது போட்ட சின்ன வழக்கானாலும் எழுத வேண்டும். ஒருவர் மூன்று செட் வரை கொடுக்கலாம். வேறு வேறு முன்மொழிபவரை வைத்து இரண்டு செட்டாவது கொடுங்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும். கிராமப் பஞ்சாயத்துக்கு 2025-இல் டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. ரசீதைக் கையோடு வாங்குங்கள். வரணாதிகாரி (நோமினேஷன் வாங்கும் தேர்தல் அதிகாரி) முன்னால் உறுதிமொழி எடுக்காமல் திரும்பி வந்துவிடாதீர்கள். பரபரப்பில் இது மறந்துபோகும், மறந்தால் நோமினேஷனே தள்ளுபடி ஆகும்.

சரிபார்ப்பு அன்று நீங்களே போக வேண்டும். எதிர்த்தரப்பு எழுப்பும் ஆட்சேபத்துக்கு ரசீது, நீக்கல் பிரிண்ட், சாதிச் சான்று எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தால் அங்கேயே பதில் சொல்லலாம்.

அபரன் தொல்லை கேரளத்தில் உண்டு. உங்கள் பெயரிலேயே இன்னொருவரை நிறுத்தி ஓட்டைப் பிரிப்பார்கள். மலையாள அகர வரிசையில் பெயர் வருவதால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். பெயரோடு வீட்டுப் பெயரோ இனிஷியலோ சேர்த்து அச்சிட எழுதிக் கேளுங்கள். பிரச்சாரத்தில் பெயரைக் குறைத்து, சின்னத்தையும் வரிசை எண்ணையும் அதிகமாகச் சொல்லுங்கள்.

பதினைந்து நாள்

செலவு உச்சவரம்பு கிராம வார்டுக்கு 25,000 ரூபாய். ஜீப்பும் மைக்கும் விழுங்கிவிடும். அதைக் கடைசி மூன்று நாளுக்கு மட்டும் வையுங்கள். நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும். பி.வி.சி. ஃபிளெக்ஸ் கூடாது, துணி அல்லது காகிதம். மைக்குக்குப் போலீஸ் அனுமதி, ராத்திரி 10 முதல் காலை 6 வரை மைக் கூடாது. ஓட்டு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு பகிரங்கப் பிரச்சாரம் நின்றுவிடும்.

நோட்டீஸில் உங்கள் போன் நம்பரைப் போடுங்கள், கணவர் நம்பரைப் போடாதீர்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஜெயித்த பிறகு ஐந்து வருஷம் ஊர் யாரை அழைக்கும் என்பது அந்த நம்பரில்தான் முடிவாகிறது.

தனியாகப் போகாதீர்கள், எப்போதும் மூன்று பேராவது சேர்ந்து போங்கள். மூணாற்றில் டிசம்பரில் ஆறரைக்கே இருட்டிவிடும், எஸ்டேட் ரோட்டில் யானை நிற்கும்; தூரத்து லயங்களை ஞாயிற்றுக்கிழமைப் பகலில் முடியுங்கள். நடத்தையைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது கிளப்புவார்கள். பதில் வாய்ஸ் போட்டு அதை வளர்க்காமல், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அன்றே போலீஸிலும் வரணாதிகாரியிடமும் எழுத்தில் கொடுங்கள். வீட்டுச் சமையலும் பிள்ளைகளும் அந்த 15 நாளில் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே ஆள் பெயர் சொல்லிப் பேசி முடியுங்கள். பேசாமல் விட்டால் அது உங்கள் தலையிலேயே விழும், நான்காம் நாளே நீங்கள் சோர்ந்துவிடுவீர்கள்.

ஓட்டு நாள்

காலை 7 முதல் மாலை 6 வரை. ஏஜெண்ட் 6 மணிக்கே பூத்தில் இருந்து மாதிரி ஓட்டைப் பார்க்க வேண்டும். ஒருவரையாவது பெண் ஏஜெண்டாக வையுங்கள். ஓட்டுப் போட வரும் பெண்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

மிஷினில் மூன்று ஓட்டு: கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளை, பிளாக்குக்கு ரோஸ், ஜில்லாவுக்கு நீலம். முதன்முறை வருபவரும் வயதானவரும் ஒன்றை மட்டும் அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். மூன்றும் போட்டால்தான் மிஷின் தானாக முடியும். ஒன்றோ இரண்டோ போதும் என்பவர் எண்ட் பட்டனை அழுத்த வேண்டும். இங்கே நோட்டா கிடையாது. தமிழர் அதிகமுள்ள வார்டுகளில் லேபிளில் தமிழும் இருக்கும். இதை வீட்டுக்கு வீடு அட்டையில் வரைந்து காட்டுங்கள், முக்கியமாகத் தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டுப் பழகிய மருமகள்களுக்கு. பூத்திலிருந்து 200 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது.

கணக்கு

தோற்றவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ரிசல்ட் வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஐந்து வருஷம் நிற்க முடியாது. அதாவது அடுத்த தேர்தலே போய்விடலாம். ஜீப் வாடகை, டீச்செலவு எல்லாவற்றுக்கும் அன்றன்றே பில் வாங்கி ஒட்டுங்கள். கட்சி ஆபீஸ் கொடுக்கும் என்று நம்பி இருக்காமல் நீங்களே போய்க் கொடுத்து, ரசீதில் சீல் வாங்குங்கள்.

ஜெயித்த பிறகு

முதல் மாதத்திலேயே நிலைக்குழுக்களுக்கு ஆள் எடுப்பார்கள்: நிதி, வளர்ச்சி, நலன், சுகாதாரம்-கல்வி என்று நான்கு. பெண்களை நலனுக்குத் தள்ளுவது வழக்கம். ரோடு வளர்ச்சியில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். திட்டப் பணத்தில் குறைந்தது 10 சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று தனியாக இருக்கிறது. பட்ஜெட்டில் அது தையல் மிஷினாகவே முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். எஸ்டேட் ரோட்டோரத்தில் கொழுந்தெடுப்பவர்களுக்குக் கக்கூஸும் அதில் வரலாம்.

மெம்பர் பதவி பறிபோகும் வழிகளில் இரண்டை மறக்காதீர்கள். அனுமதியில்லாமல் மூன்று மாதம் தொடர்ந்து கமிட்டிக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது ஒன்று, தொடர்ந்து இரண்டு முறை கிராமசபையைக் கூட்டாமல் விடுவது இன்னொன்று. கிராமசபையைக் கூட்ட வேண்டியவர் வார்டு மெம்பர்தான். கமிட்டி ஹாலில் கணவர் உட்கார இடமில்லை. காரில் கொண்டுவந்து விடட்டும், வாசலோடு சரி. லெட்டர்பேடும் சீலும் உங்கள் பையில் இருக்கட்டும், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

பஞ்சாயத்தால் என்ன ஆகப்போகிறது என்று யாராவது சொன்னால், பெருமாட்டியைச் சொல்லுங்கள். பிளாச்சிமடையில் கொக்கோ கோலா கம்பெனி எடுத்த தண்ணீருக்கு எதிராக ஆதிவாசிப் பெண்கள் மயிலம்மாவின் தலைமையில் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து லைசன்ஸைப் புதுப்பிக்க மறுத்துத் தீர்மானம் போட்டது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் வார்டு மெம்பர்கள்.

இரண்டாவது முறைக்கான ஃபைலை முதல் வருஷமே திறந்துவிடுங்கள். செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள்: எந்த லயம் அல்லது தெரு, தீர்மான எண், தேதி, தொகை, முடிந்த நாள், எத்தனை வீட்டுக்குப் பயன், முன்னும் பின்னும் ஒரு போட்டோ. வார்டு பொதுவாக மாறும் வருஷத்தில், அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே அதன் நகலோடு கட்சியின் பஞ்சாயத்துக் கமிட்டிக்கு சீட்டு கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.